வெட்டிங் ஆயில்: டிரம்மில் ஒன்று, சாக்கடையில் வேறொன்று

நிட்டிங் எந்திரத்திலிருந்து இறங்கிய கோராத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், தாமரை இலைமேல் விட்டதுபோல உருண்டு நிற்கும். பருத்தி தண்ணீரை உறிஞ்சும் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். நார் உறிஞ்சும், ஆனால் அதன் மேல் செடி பூசி அனுப்பிய மெழுகு உறிஞ்ச விடாது. துணியின் எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாத மெழுகுதான் அது. போதாததற்கு, நிட்டிங் ஊசிகளுக்குப் போட்ட எண்ணெயும் துணியில் ஏறியிருக்கும். இதை அப்படியே சாயத்தில் இறக்கினால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அந்த பேட்ச் வீண்.

ஆகவே திருப்பூர் சாயப்பட்டறைகளில் முதல் வேலை துணியை நனைய வைப்பது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டுக் கொதிக்கவைக்கும் தண்ணீரில், கெட்டியும் வழவழப்புமான ஒரு திரவத்தைச் சேர்ப்பார்கள். பட்டறையில் அதன் பெயர் வெட்டிங் ஆயில். கேனில் ஒட்டியிருக்கும் வணிகப் பெயர் கடைக்குக் கடை மாறும். உள்ளே பல ஆண்டுகள் இருந்துவந்தது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: நானைல்ஃபீனால் எத்தாக்சிலேட். கெமிக்கல் வியாபாரிகள் வாயில் என்பி 9, அல்லது என்பி 9.5.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயோடும் மறுமுனை தண்ணீரோடும் சேரும். அந்தத் தண்ணீர் முனையில் எதிர்மின்சுமை இருக்கிறது. கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் நேர்மின்சுமை கொண்டவை. இரண்டும் சேர்ந்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். கொங்கு நாட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் தலைக்குக் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்பி 9இல் மின்சுமையே கிடையாது. உப்புத் தண்ணீரானாலும் கடின நீரானாலும் அது தன் வேலையைச் செய்யும். தொட்டியில் கூட இருக்கும் மற்ற ரசாயனங்கள் நேர்மின்சுமை கொண்டவையா, எதிர்மின்சுமை கொண்டவையா என்ற கவலையும் அதற்கு இல்லை. தொழிற்சாலைகள் இதை விரும்பியதற்கு விலை ஒரு காரணம் என்றால், யாரோடும் முரண்டு பிடிக்காத இந்தக் குணம் இன்னொரு காரணம்.

மின்சுமை இல்லாமல் தண்ணீரில் எப்படிக் கரைகிறது? ஆக்சிஜன் அணுக்களின் தயவால். ஃபீனாலோடு ஒன்பது கார்பன் கொண்ட ஒரு கிளைச் சங்கிலியை இணைத்தால் நானைல்ஃபீனால் கிடைக்கிறது. இது எண்ணெய்ப் பக்கம். அதன் நுனியில் எத்திலீன் ஆக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனைத் தண்ணீரின் ஹைட்ரஜன் மெல்லப் பற்றிக்கொள்ளும். ஒரு பிடி வலுவற்றது. ஒன்பது சேர்ந்தால் எண்ணெய்ப் பக்கத்தையும் தண்ணீருக்குள் இழுத்துவந்துவிடும். பெயரிலுள்ள 9 இந்தக் கண்ணிகளின் சராசரி எண்ணிக்கை. ஒரே டிரம்மில் ஐந்து கண்ணி உள்ளதும் இருக்கும், பதினான்கு உள்ளதும் இருக்கும்.

எத்திலீன் ஆக்சைடை 1859இல் பிரெஞ்சு வேதியியலர் வூர்ட்ஸ் கண்டறிந்தார். அதை இப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சலவைப் பொருளாக்கும் முறை 1930இல், ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில், ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷோலர், விட்வர் என்ற இருவரால் வந்தது. செய்முறை அச்சமூட்டுவது. எத்திலீன் ஆக்சைடு சுமார் 11 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். காற்றே இல்லாத இடத்திலும் வெடிக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. நைட்ரஜன் நிரப்பிய அழுத்தக் கலனுக்குள், வெப்பம் கைமீறாமல் காவல் காத்து வினையை நடத்த வேண்டும். அவ்வளவு கொடிய வாயுவிலிருந்து வருகிற சரக்கு, எளிதில் தீப்பிடிக்காத, நெடியே இல்லாத ஒரு திரவம். நெடி இல்லாததை நாம் சாதுவென்று நம்பிவிடுகிறோம். அதை அப்புறம் பார்ப்போம்.

கண்ணிகளைக் கூட்டிக் குறைத்தால் குணம் மாறும். எவ்வளவு மாறும் என்பதை எண்ணால் சொல்ல 1949இல் வில்லியம் கிரிஃபின் என்ற அமெரிக்க வேதியியலர் ஓர் அளவுகோல் வகுத்தார். தண்ணீர்ப் பக்கம் மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதை ஐந்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கண்ணியின் எடை 44, ஒன்பதுக்கு 396. நானைல்ஃபீனாலின் எடை 220. ஆக மொத்தம் 616இல் 396, அதாவது 64 சதவீதம். ஐந்தால் வகுத்தால் ஏறக்குறைய 13. அழுக்கெடுக்கத் தோதான எண் அது. நான்கே கண்ணி கொண்ட என்பி 4க்குக் கணக்குப் போட்டால் 9 வரும். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் தெளிவாகக் கரையாது. நாற்பது கண்ணி கொண்டதற்கு 18 வரும். அது அறை வெப்பத்தில் மெழுகுக் கட்டி. வேதியியலில் இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு பயன்படுவது அபூர்வம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு வினோதம் உண்டு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். இது சூட்டில் பிரிந்துவிடும். தண்ணீரில் ஒரு சதவீதம் என்பி 9 கலந்து சூடேற்றினால், 50 டிகிரியைத் தாண்டிய கொஞ்சத்திலேயே தெளிந்த கரைசல் பாலாகக் கலங்கும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் மூலக்கூறுகள் அலைபாய்ந்து, ஆக்சிஜனின் பிடியை விட்டுவிடுகின்றன. ஆறவைத்தால் மறுபடி தெளியும். இந்தக் கலங்கல் வெப்பநிலையை ஒட்டிய இடத்தில்தான் இதற்கு எண்ணெய் நீக்கும் திறன் அதிகம். மிகவும் தாண்டிப்போனால் சரக்கே துணியில் படியும். பட்டறையில் கொதிப்பது 95 டிகிரிக்கு மேல். ஆகவே வெறும் என்பி 9ஐ ஊற்றுவது அரைகுறை வேலை. கண்ணி கூடிய வகையையோ எதிர்மின்சுமை கொண்ட சலவைப் பொருளையோ சேர்த்துக் கலங்கல் வெப்பநிலையை மேலே தள்ள வேண்டும். நல்ல வெட்டிங் ஆயில் என்று பெயர் வாங்கியவை எல்லாம் இப்படிப்பட்ட கலவைகள்தான்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீரின் பரப்பு இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்க, லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் போதும். அதற்கு மேல் ஊற்றும் மூலக்கூறுகளுக்கு நீரின் பரப்பில் இடம் கிடைக்காது; உள்ளே கூட்டங்கூட்டமாகத் திரண்டு, எண்ணெயைத் தமக்குள் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் எடுக்க அந்தக் கூட்டங்கள் தேவை என்பதால் பட்டறைகளில் லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் வரை போடுகிறார்கள். 100 கிலோ துணிக்கு 800 லிட்டர் தண்ணீர் என்றால் 400 முதல் 800 கிராம் வரை. மக்கில் மொண்டு கண்ணளவாக ஊற்றும் இடங்களில் இது இரட்டிப்பாவது சகஜம். துணி அதனால் கூடுதலாக வெளுப்பதில்லை. நுரை கூடும், அலசும் தண்ணீர் கூடும்.

துணி மட்டுமல்ல. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளில் ஆட்டுத்தோலின் கொழுப்பெடுக்கவும், எமல்ஷன் பெயின்டில் நிறமிகள் அடியில் தங்காமல் இருக்கவும், பூச்சிமருந்து இலையில் பரவி ஒட்டவும், ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கழுவவும் இந்த வகைச் சரக்கே போனது. இவற்றுக்கெல்லாம் தொடர்பே இல்லாத இன்னோர் இடமும் உண்டு: மருந்துக் கடை. நானாக்சினால் 9 என்ற பெயரில் விந்தணுக்கொல்லிக் களிம்புகளில் இருந்தது இதே மூலக்கூறுதான். விந்தணுவின் மேலுறை கொழுப்பால் ஆனது. அதைக் கரைத்தால் அணு செத்துவிடும். சோதனைக் குழாயில் எச்ஐவி கிருமியின் கொழுப்புறையையும் அது கரைத்தது. எனவே தொற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடையே பெரிய ஆய்வு நடந்தது. 2002இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. களிம்பு காக்கவில்லை; அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு எச்ஐவி ஆபத்து கூடியது. கிருமியின் உறையைக் கரைக்கும் சரக்கு, பெண்ணுறுப்பின் உட்சவ்விலுள்ள உயிரணுக்களின் உறையையும் கரைக்கிறது. புண்பட்ட சவ்வு வழியே கிருமிக்கு வழி கிடைத்துவிடுகிறது.

என்பி 9ஐக் கையாள்வது பற்றிச் சொல்ல வேண்டியதன் சாரம் இந்த ஆய்வில் இருக்கிறது. அதற்கு நிட்டிங் எண்ணெய் வேறு, உயிரணுவின் கொழுப்புறை வேறு என்று தெரியாது. ஆய்வகங்களில் உயிரணுக்களை உடைத்து உள்ளிருப்பதை எடுக்கப் பயன்படும் ட்ரைட்டன் எக்ஸ் 100 இதன் நெருங்கிய உறவுதான். நீர்த்த கரைசலின் பிஎச் நடுநிலையை ஒட்டி இருக்கும். அமிலம் போலச் சுடாது, காஸ்டிக் போல அரிக்காது. பக்கத்தில் காஸ்டிக் கேன் இருக்கும்போது வெட்டிங் ஆயிலைக் கண்டு யார் பயப்படுவார்கள்? சுத்தமான சரக்கு கண்ணில் தெறித்தால் கருவிழிக்குக் கடுமையான சேதம் வரலாம். இந்தக் குடும்பத்துப் பொருள்கள் சிலவற்றுக்கு மரத்துப்போகச் செய்யும் குணமும் உண்டு. உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம். வலிக்கவில்லையே என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்பவர்தான் பிறகு கண் மருத்துவரிடம் உட்கார்ந்திருப்பார். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி கட்டாயம். தெறித்துவிட்டால் இமைகளை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் போதும் என்று தோன்றும், போதாது.

தோலில் ஒருமுறை பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தினமும் பட்டால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய், வறண்டு, வெடிக்கும். நைட்ரைல் கையுறை போதும். துணிக் கையுறை சரக்கை உறிஞ்சிக் கையோடு கையாக வைத்திருக்கும் என்பதால், வெறுங்கையைவிட மோசம். டிரம்மில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி இறக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. டீசலுக்கே அது கூடாது. இதற்குக் கூடவே கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும் நுரை மூச்சுக்குழலில் இறங்கினால், வயிற்றில் இருந்ததைவிட ஆபத்து. வாயைக் கொப்பளிக்கச் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், கேனின் லேபிளையும் சேர்த்து.

நடைமுறையில் அதிகம் நடக்கும் விபத்து கண்ணிலோ வாயிலோ அல்ல, தரையில். சிந்திய வெட்டிங் ஆயிலில் கால் வைத்தவர் நிற்க முடியாது. கொதிக்கும் எந்திரங்களுக்கு நடுவே விழுவது சாதாரண விழுதல் இல்லை. சிந்தியதும் எல்லோர் கையும் ஹோஸ் பைப்புக்குத்தான் போகும். தண்ணீர் பட்டால் வழுக்கும் பரப்பு விரியும், நுரை பொங்கும், கடைசியில் எல்லாம் சாக்கடைக்குப் போகும். மணலோ மரத்தூளோ கொட்டி உறிஞ்சவிட்டு, வாரித் தனியாகக் கட்டிவைத்துவிட்டு, அதன் பிறகு தரையைத் துடைக்க வேண்டும்.

கலக்கும்போது சரக்கில் தண்ணீரை ஊற்றாமல், தண்ணீரில் சரக்கை மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். காரணம் அமிலத்துக்குச் சொல்வது அல்ல; இங்கே வெப்பம் எழாது. பாதிக்குப் பாதி அளவில் என்பி 9 கெட்டிக் கூழாக உறைந்துகொள்ளும். பம்பும் குழாயும் அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்க அரைநாள் போகும். சேமிக்கும்போது மூடி இறுக்கமாக இருக்கட்டும். சூடான கொட்டகையில் காற்றுப்பட நெடுநாள் கிடந்தால், ஆக்சிஜன் கண்ணிகள் சிதைந்து பெராக்சைடுகளும் ஃபார்மால்டிஹைடும் உருவாகும். பெராக்சைடு கேன்களை இதன் பக்கத்தில் அடுக்குவது பட்டறைகளில் அன்றாடக் காட்சி. வலிமையான ஆக்சிஜனேற்றிகளை விலக்கியே வைக்க வேண்டும். காலி டிரம் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். அந்த நீல டிரம்கள் கழுவப்பட்டு, விற்கப்பட்டு, வீட்டு வாசல்களில் குடிநீர் பிடிக்க நிற்கின்றன. பிளாஸ்டிக்கின் சுவரில் ஊறியதை எத்தனை முறை கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை அடுத்த பேட்ச்சில் ஊற்றி, டிரம்மில் ஓட்டை போட்டு அனுப்பும் முதலாளிக்கு நூறோ இருநூறோ நட்டம். அதை ஏற்றுக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் டிரம்முக்குள் இருக்கும் சரக்கைப் பற்றி. பாதுகாப்புக் குறிப்பேடுகளுக்கும் பெரும்பாலும் இங்கேயே அக்கறை தீர்ந்துவிடுகிறது. என்பி 9இன் பெரிய சிக்கல் அது வேலையை முடித்துக் கழிவுநீரில் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

சாக்கடையிலும் சுத்திகரிப்புத் தொட்டியிலும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் கண்ணிகளை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகத் தின்கின்றன. ஒன்பது, ஐந்து, இரண்டு, ஒன்று என்று குறையும். கண்ணிகள் போகப் போகத் தண்ணீரில் கரையும் குணமும் போகும். கடைசியில் மிஞ்சுவது வெறும் நானைல்ஃபீனால். கிளைத்த அதன் கார்பன் சங்கிலி பாக்டீரியாவுக்கு எளிதில் செரிக்காது. காற்றில்லாத சேற்றில் அநேகமாக அப்படியே கிடக்கும். தாய்ச் சரக்கைவிட அது மீன்களுக்குக் கொடியது. மட்குவதாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, மட்கும் வழியில் தன்னைவிட மோசமான ஒன்றாக மாறி நின்றுவிடுகிறது. இதை 1984இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கீகரும் சகாக்களும் கழிவுநீர்ச் சேற்றை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். இரண்டே ஆண்டில் அந்த நாடு துணி துவைக்கும் பொருள்களில் இதைத் தடைசெய்தது.

அடுத்த செய்தி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் பெருகும், கொடுக்காவிட்டால் பெருகாது: அவர்களின் ஆய்வே இந்த வேறுபாட்டில்தான் நின்றது. 1980களின் இறுதியில் ஒருநாள், ஹார்மோன் கொடுக்காத தட்டுகளிலும் உயிரணுக்கள் பெருகிக் கிடந்தன. யாராவது ஹார்மோனைச் சிந்திவிட்டார்களா என்று மாதக்கணக்கில் தேடினார்கள். குற்றவாளி ஒரு பிளாஸ்டிக் சோதனைக் குழாய். நிறுவனம் குழாயின் கலவையைச் சத்தமில்லாமல் மாற்றியிருந்தது. என்ன சேர்த்தோம் என்று சொல்லவும் மறுத்துவிட்டது. இருவரும் தாங்களே பிரித்தெடுத்து 1991இல் வெளியிட்ட பெயர் நானைல்ஃபீனால். ஈஸ்ட்ரஜனைவிடப் பல்லாயிரம் மடங்கு வீரியம் குறைந்ததுதான். ஆனால் ஈஸ்ட்ரஜன் உட்காரும் இடத்தில் அது உட்கார்ந்துவிடுகிறது.

ஆற்றில் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் காட்டியது. அங்கே கம்பளி ஆலைகள் ஆட்டு ரோமத்தின் பிசுக்கை எடுக்க இதே வகைச் சரக்கைத்தான் பயன்படுத்தின. கழிவு அயர் என்ற ஆற்றில் கலந்தது. 1990களில் ஆய்வாளர் ஜான் சம்ப்டரும் குழுவினரும் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் வைத்து அந்த ஆற்றில் இறக்கினார்கள். முட்டையின் மஞ்சள்கரு உருவாகத் தேவையான புரதம், பெண் மீனிடம் மட்டும் பெருமளவு இருக்க வேண்டியது, ஆண்களின் ரத்தத்தில் ஏறியது. விந்தகங்களின் வளர்ச்சி குன்றியது. ஆலைகள் சரக்கை மாற்றத் தொடங்கிய பிறகு பாதிப்பும் குறைந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரி முதல், கழிவுநீரோடு கலக்கும் துணிப் பதப்படுத்தலிலும் சலவையிலும் இதை 0.1 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தத் தடை விதித்தது. கவனியுங்கள், தடை அங்கே நடக்கும் பதப்படுத்தலுக்கு. வெளிநாட்டில் பதப்படுத்தி இறக்குமதியாகும் டி-ஷர்ட்டுக்கு அல்ல. 2011இல் கிரீன்பீஸ் பல நாடுகளில் வாங்கிய 78 ஆடைகளைச் சோதித்தபோது 52இல் இந்தச் சரக்கின் எச்சம் இருந்தது. வாங்கியவர் வீட்டில் துவைக்கும்போது அது அந்த ஊர் ஆற்றுக்கே போய்ச் சேரும். அப்புறம்தான் சட்டம் இன்னொரு படி ஏறியது: 2021 பிப்ரவரி முதல், துவைக்கக்கூடிய துணியில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் விற்க முடியாது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே 16 ஆண்டுகள். அந்த இடைவெளியில் சரக்கு ஏற்றுமதி நாடுகளின் தொட்டிகளில் கொதித்துக்கொண்டிருந்தது. தங்கள் ஆற்றைக் காக்க அவர்கள் போட்ட சட்டத்தால் நம் ஆறும் கொஞ்சம் பிழைத்தது என்றால், அது தற்செயலான லாபம்.

திருப்பூரின் நொய்யல் ஆற்றைச் சீரழித்தது முதன்மையாக உப்பும் சாயமும்தான். வெட்டிங் ஆயிலின் தலையில் அந்தப் பழியைப் போடுவது நியாயமாகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு அவை திரும்பத் திறந்ததும் உப்புப் பிரச்சினையின் கதை. ஆனால் கழிவுநீர் வெளியேறாத இடத்தில் நானைல்ஃபீனால் எங்கே போகும் என்ற கேள்வி எழாமல் இல்லை. அது தண்ணீரை விட்டுச் சேற்றில் ஒட்டும் பொருள். சேறு மூட்டை மூட்டையாக அடுக்கப்படுகிறது. சேற்றில் தங்காமல் முன்னே போன சலவைப் பொருள், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வுகளிலும் படிந்து அவற்றின் ஆயுளைக் குறைக்கும். அளவாக ஊற்றுவது மீனுக்காக மட்டும் அல்ல, சவ்வு மாற்றும் செலவுக்காகவும்தான்.

மாற்றுச் சரக்கு இருக்கிறதா? தாராளமாக. தேங்காய் எண்ணெய், பனைக் கொட்டை எண்ணெயிலிருந்து வரும் லாரைல் ஆல்கஹாலில் அதே எத்திலீன் ஆக்சைடு கண்ணிகளைக் கோத்தால் ஆல்கஹால் எத்தாக்சிலேட். அதன் கார்பன் சங்கிலி நேரானது, பாக்டீரியா முழுதாகத் தின்றுவிடும். சர்க்கரையிலிருந்து வரும் அல்கைல் பாலிகுளுக்கோசைடுகளும் உண்டு. காரத்தைத் தாங்கும், விலைதான் கூடுதல். ஏற்றுமதிக்கு வேலை செய்யும் பட்டறைகள் வாங்குபவரின் நெருக்கடியால் பெரும்பாலும் மாறிவிட்டன. உள்நாட்டுச் சந்தைக்குப் போகும் துணிக்கு அப்படிக் கேட்பவர்கள் குறைவு.

மாற்றுச் சரக்கு வந்துவிட்டது என்று கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டாம். லாரைல் ஆல்கஹாலில் ஒன்பது கண்ணி கோத்த பொருளுக்கு மருத்துவத்தில் பாலிடோக்கனால் என்று பெயர். முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக வந்தது; இன்று காலில் புடைத்த ரத்தநாளத்துக்குள் ஊசியாகச் செலுத்தி, அதன் உட்சுவரை அழித்து மூடப் பயன்படுகிறது. ரத்தக்குழாயின் சுவரை அழிக்கும் சரக்கு கருவிழியிடம் இரக்கம் காட்டாது. ஆற்றுக்கு நல்லது என்பதும் கண்ணுக்கு நல்லது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

பட்டறை நடத்துபவர்களுக்கும் கலர் ரூமில் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று. ‘இகோ’ என்றும் ‘என்பி ஃப்ரீ’ என்றும் லேபிளில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சரக்கோடு 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தராத வியாபாரியிடம் வாங்காதீர்கள். மூன்றாம் பகுதியில் உட்பொருள்களின் சிஏஎஸ் எண்கள் இருக்கும். 9016-45-9, 68412-54-4, 127087-87-0, 26027-38-3: இவற்றில் எது இருந்தாலும் கேனுக்குள் இருப்பது நானைல்ஃபீனால் எத்தாக்சிலேட்தான். திருப்பி அனுப்பிவிடுங்கள்.